நான் வெட்டிய பெயர்

சாய்ந்தமருதில் எங்கள் பக்கத்து வீட்டு ஷப்னா, கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதியில் மட்டும் படம் எடுப்பவள். மருதோன்றியிட்ட மணப்பெண்ணின் கைகளை அவள் எடுத்து முகநூலில் இட்டிருந்த படம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவளைக் கேளாமலே அதை எடுத்து என் பக்கத்தில் பதிந்தேன். மூலையிலிருந்த அவளுடைய பெயரையும் வெட்டிவிட்டேன். கல்யாணமாகாத குமர்ப்பிள்ளையின் பெயர் ஊரெல்லாம் சுற்ற வேண்டாமே என்ற அக்கறைதான் காரணம்.

இரண்டு நாளில் கல்முனையில் ஓர் அலங்காரக் கடை அதைத் தன் பெயரோடு விளம்பரமாக்கியது. ஷப்னா என்னிடம் வந்தாள்.

“மாமி, அந்தக் கடைட படத்த உன்ட எண்டு காட்டி ஏன் ஏமாத்துறாய் எண்டு ஒரு பொண்ணுட உம்மா கேட்டாங்க. கல்யாணத்துக்குப் படம் எடுக்க வேற ஆளப் பாக்கப் போறாங்களாம்.”

“உன்ட நல்லதுக்குத்தான் வெட்டினன், மகள்.”

“ஓம், விளங்குது. முகத்த மூட என்னட்ட ஷோல் கிடக்கு மாமி. பேர மூடச் சொல்லி ஆரு கேட்டது?”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அவளுடைய அனுமதியோடு முழுப் படத்தையும் மீண்டும் பதிந்து, பெயரை வெட்டியவள் நானே என்றும் எழுதினேன். அன்று பின்னேரமே அந்த உம்மா என்னை அழைத்து, கல்யாணப் படம் எடுக்கவென்று, தான் அழித்துவிட்ட ஷப்னாவின் இலக்கத்தை மீண்டும் கேட்டார். அன்பின் பெயரால் ஒருத்தியை அவளுடைய உழைப்பிலிருந்தே நீக்கிவிட முடியும் என்பதை அறுபதை நெருங்கும் வயதில்தான் அறிந்தேன்.