சிகாகோவைத் தாண்டி மாடிக்கு

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் மாடிக்கு ஏறிப்போக வேண்டுமானால் முதலில் சிகாகோவைக் கடந்தாக வேண்டும். வீட்டுக்காரரின் கூடத்துக்குள் நுழைந்ததும் இடதுபக்கம் நியூயார்க். அதன் ஆகாயம் முழுக்க மாம்பழ நிறம். எதிர்ச்சுவரில் சான்பிரான்சிஸ்கோவின் சிவப்புப் பாலம். ஊஞ்சலுக்கு மேலே நியூ ஆர்லியன்ஸ், இரும்புப் பூவேலை செய்த பால்கனிகளும் ஒரு மாதா கோயிலும் குடை பிடித்த ஒரு பெண்ணுமாக. மாடிப்படி ஓரத்தில் நீல ஏரியோடு சிகாகோ. எங்கள் நாட்டுக்குச் சுற்றிப்பார்க்க வாருங்கள் என்று அமெரிக்காவில் அச்சடிக்கும் வண்ணப் போஸ்டர்கள். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு, தொண்டை வறண்டு வந்து முதல் படியில் கால் வைப்பேன். சரியாக அப்போது குரல் வரும். "டீச்சரம்மா, ஒரு நிமிசம். விருந்தாள்க வந்திருக்காவ. இந்தப் பாலத்தப் பத்திக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

ரங்கூனிலேயே தங்கிவிட்ட என் சிநேகிதிகள் இதை வாசித்தால் சிரிப்பார்கள். நான் அமெரிக்காவைப் பார்த்ததே கிடையாது. பிறந்ததும் படித்ததும் டீச்சர் வேலை பார்த்ததும் ரங்கூனில். யுத்தம் வந்ததும் கப்பலேறி மதராசுக்கு வந்தேன். இதை வீட்டுக்கார அண்ணாச்சியிடம் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். மகன் சண்முகம் நெசவுத் தொழில் படிக்க அமெரிக்கா போய், அங்கிருந்து அனுப்பிய படங்கள்தாம் இவை. வந்த வாரமே தேக்குச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். "ரங்கூன் வேற, அமெரிக்கா வேற, அண்ணாச்சி" என்றால், "இருக்கட்டும், ரெண்டும் கடலுக்கு அங்கிட்டுத்தான" என்பார். அதோடு விடமாட்டார். நியூ ஆர்லியன்ஸைக் காட்டி, "இது உங்க கோயில்லா? நீங்க சொல்லாம வேற யாரு சொல்லுவா?" என்பார். நான் வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள் என்பதால் அமெரிக்கா எனக்குச் சித்தப்பா வீடு போலத்தான் என்று அவருக்கு முடிவாகிவிட்டது.

படம் மாட்ட வந்த சிந்தாதிரிப்பேட்டை தச்சனுக்கும் அதே எண்ணம். சுவரில் ஆணி அடித்துக்கொண்டே கேட்டான். "இன்னாம்மா, இந்தக் கட்டடம் ஐகோர்ட்டு கோபுரத்தவிட ஒசரமா கீதே! நீ இதுல ஏறிகீறியா?"

"நான் ரங்கூன்காரிப்பா."

"அத்தான் கேக்குறேன். அது அமெரிக்காவாண்ட தானே கீது?"

நான் மாடிக்குப் போய்விட்டேன். தெரியாதது அவன் குற்றமில்லை. எனக்கு எரிச்சல் வந்தது வேறு காரணத்துக்காக. இந்த ஊருக்கு வந்து ஏழெட்டு வருஷம் ஆகப்போகிறது. நான் பேசும் தமிழைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. எங்களை "பர்மா அகதி" என்று சொல்லி வீடு தர மறுத்தவர்கள் உண்டு. ரங்கூன் எப்படி இருந்தது, அங்கே உனக்கு யார் இருந்தார்கள், எப்படி வந்து சேர்ந்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. காலே படாத ஊர்களின் படத்துக்கு முன்னால் மட்டும் வாயைப் பிளந்து நிற்கிறார்கள்.

ரங்கூனில் குண்டு விழுந்தது ஒரு காலை நேரம். அதற்குப் பிறகு துறைமுகத்தில் ஜனங்கள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். என் கணவர் அருளப்பன் துறைமுக ஆபீசில் வேலை பார்த்தார். அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை; என்னை மட்டும் எப்படியோ ஒரு கப்பலில் ஏற்றினார். பிறகு அவர் நடந்தே வந்தார், மலை வழியாக, ஆயிரக்கணக்கானவர்களோடு. சாந்தோமில் என் நாத்தனார் வீட்டு வாசலில் வந்து நின்றவரை முதலில் யாரோ பிச்சைக்காரர் என்றுதான் நினைத்தேன். அந்த நடையைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரையும் சில நாள் மாலையில் அண்ணாச்சி மடக்கிப் பிடித்து நியூயார்க்கின் முன் நிறுத்திவிடுவார். மனிதர் தலையாட்டிவிட்டு மேலே வந்து முகம் கழுவிக்கொள்வார்.

போன வருஷம் தொல்லை இன்னும் முற்றியது. சண்முகத்துக்கு அங்கேயே ஒரு நூல் மில்லில் வேலை கிடைத்தது. மனைவியை அனுப்பிவைக்கச் சொல்லி எழுதினான். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அவன் கப்பலேறிவிட்டதால் அந்தப் பெண் வள்ளியம்மை மாமியார் வீட்டிலேயே இருந்தாள். படித்தது தமிழ் மட்டும். போக உனக்குச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அண்ணாச்சி என்னைத்தான் கூப்பிட்டார். "டீச்சரம்மா, இவளுக்குக் கொஞ்சம் இங்கிலீசும், அமெரிக்காவும் சொல்லிக் குடுத்திருங்க." இங்கிலீஷ் சரி, அமெரிக்காவை நான் எங்கே போய்ச் சொல்லிக்கொடுப்பேன்? அவர் சுவரைக் காட்டினார். புஸ்தகம் தேவையில்லையாம்.

ஆக, சாயங்காலங்களில் நானும் வள்ளியும் போஸ்டர்களின் முன் நின்றோம். பிரிட்ஜ், ஷிப், டவர், லேக். சொன்னதை அவள் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னாள். ஆனால் சொல்லும்போது அவள் கண் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தது. ஒருநாள் சிகாகோவின் முன் நின்று கேட்டாள். "அக்கா, இம்புட்டு வீடு இருக்கே, ஒரு கொடிகூடக் காணல. துணிய எங்கன காயப்போடுவாவ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. நான்கு படத்திலும் ஒரு துணி காயவில்லை, ஒரு அடுப்பு புகையவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தியும் நிற்கவில்லை. எல்லாம் பார்க்க வந்தவர்களுக்கான ஊர்கள். இருக்கப் போகிறவளுக்கு அதில் ஒன்றும் இல்லை.

"ரங்கூன்ல இருந்து வாரப்ப நீங்க என்னத்த எடுத்துட்டு வந்தீய?" என்று அடுத்துக் கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். படியில் உட்கார்ந்துவிட்டேன். "ஈரத்துணி" என்றேன். "புறப்படச் சொன்னப்போ துணி துவைச்சுக் கொடியில போட்டிருந்தேன். துணியைக் கொடியிலயே விட்டுட்டு வீட்டைப் பூட்ட மனசு வரல. அதை அப்படியே சுருட்டி மூட்டை கட்டிட்டு வந்துட்டேன். கப்பல்ல நாத்தம் தாங்கல, பாதியைக் கடல்ல போட்டேன். கல்யாண போட்டோ சுவர்லயே இருந்துபோச்சு."

வள்ளி சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பவே பயந்துட்டீயளா?"

"அப்போ பயப்பட நேரமில்ல. இங்க வந்து இறங்கின பிறகுதான். யார் எங்க நிப்பாங்க, நாத்தனார் வீட்டுக்கு எந்த வழியில போகணும், ஒண்ணும் தெரியாம இறங்கினேன் பாரு, அப்போ."

மறுநாள் மாலை அண்ணாச்சியின் கடைக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரிகள் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே வள்ளி வந்து நின்று சொன்னாளாம். "மாமா, அங்க எந்த வீட்டுல இருக்கணும், எறங்குத எடத்துக்கு யாரு வருவா, எல்லாம் அவுக வெவரமா எழுதட்டும். பொறவு போறேன்." நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது விருந்தாளிகள் போயிருந்தார்கள். அண்ணாச்சியின் முகம் சிவந்து கிடந்தது.

"நீங்கதான் அவ மனசக் கலைச்சீய, டீச்சரம்மா. படத்தக் காட்டிப் பாடம் சொல்லச் சொன்னா பயங்காட்டி வச்சிருக்கீய. மானம் போச்சு. மாசக் கடைசில மாடியக் காலி பண்ணிருங்க."

மறுபடியும் ஒரு மூட்டை கட்ட வேண்டுமா? அதுவரை அடக்கிவைத்திருந்த எரிச்சல் அத்தனையும் பொங்கி வந்துவிட்டது. "காலி பண்றேன், அண்ணாச்சி. எங்களுக்கு அது பழக்கம்தான். அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தினமும் என்னை நிறுத்திவச்சுக் கேட்டீங்களே, இந்த நாலு ஊர்ல உங்க பையன் இருக்கிற ஊர் எது?"

அவர் வாயைத் திறந்தார். ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். மகனுக்குக் கடிதாசு போடும் ஊரின் பெயர் அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பெயர் எந்தப் படத்திலும் அச்சாகவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது.

சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த ஆச்சி, அவர் மனைவி, மெல்லச் சொன்னாள். "நான் முன்னமே அவனுக்கு எழுதிக் கேட்டேன். நீ இருக்க ஊரு படம் ஒண்ணு அனுப்புயான்னு. அது சும்மா மில்லு இருக்க ஊராம். அதுக்கெல்லாம் யாரும் படம் போட மாட்டாவளாம்."

அண்ணாச்சி ஊஞ்சலில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "போயிச் சாப்பிடுங்க, டீச்சரம்மா" என்றார். வீட்டைக் காலி செய்யும் பேச்சை அவர் பிறகு எடுக்கவேயில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அது அவர் சுபாவமும் இல்லை.

சண்முகத்துக்கு எழுதிப் பதில் வரக் கொஞ்ச காலம் ஆயிற்று. இந்தத் தடவை படம் இல்லை. ஒரே ஒரு அறையும் சின்னச் சமையலறையும்தான் இருப்பதாக, மில் சங்கு ஊதும்போதெல்லாம் ஜன்னல் அதிர்வதாக, குளிர்காலத்தில் துணிகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவதாக, கப்பல் துறைக்குத் தானே வந்து நிற்பதாக எழுதியிருந்தான். வள்ளி அதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். "அடுப்புக்கு மேலயா? கரி படியாதா?" என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கே, போகிறேன் என்று மாமனாரிடம் சொல்லிவிட்டாள்.

துறைமுகத்துக்கு எல்லோரும் போனோம். அதே கப்பலில் போகும் ஒரு டாக்டர் குடும்பம் அவளுக்குத் துணை. ஆச்சி அழுதாள், அண்ணாச்சி சுமைக்கூலிகளோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தார். வள்ளி கப்பலின் ஏறுபலகைமேல் ஏறும்போது என் கையைப் பிடித்து, "அக்கா, கொடிய எல்லாம் பாத்துட்டேன், ஒரு ஈரத்துணி இல்ல" என்றாள். நான் அழக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. அருளப்பன் மட்டும் கப்பலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

அண்ணாச்சி குடும்பம் நேரே தியாகராய நகர் கடைக்குக் காரில் போயிற்று. அருளப்பன் ஆபீசுக்குப் போனார். நான் தனியாக டிராம் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கடற்காற்று, தார் வாசனை, பின்னால் கப்பலின் சங்கு. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டான்.

"கெமண்டைன் ஒண்ணு" என்றேன்.

"எங்கம்மா?"

"கெமண்டைன்."

"அப்டி ஒரு ஸ்டாப்பு நம்ம லைன்ல இல்லியேம்மா. நீ இன்னா, ஊருக்குப் புச்சா?"

அப்போதுதான் என் காதில் விழுந்தது, நான் சொன்ன பெயர். ரங்கூனில் எங்கள் வீட்டுக்குப் போக இறங்கும் நிறுத்தம் அது. அந்த டிராம் தண்டவாளம் இப்போது இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. முன் பெஞ்சிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லஸ் என்று திருத்திச் சொல்லி டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன். டிராம் மவுண்ட் ரோட்டில் கிறீச்சிட்டுத் திரும்பியது. டிக்கெட் மயிலாப்பூருக்குத்தான். ஆனாலும் லஸ் வரும்வரை, ஒவ்வொரு முறை மணி அடித்து டிராம் நின்றபோதும், நான் இறங்க எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தேன்.