திருகாணி மேல் ஒரு ஸ்டிக்கர்

லேப்டாப்பைத் திறப்பது பெரிய வித்தை இல்லை. திறந்த பிறகு எங்கள் கவுண்டருக்கு வந்து, திறக்கவே இல்லை என்று சாதிப்பதுதான் வித்தை. ரந்தாவ் என்ற சின்ன ஊரில், வாரன்டியில் இருக்கும் பழுதான லேப்டாப்புகளை வாங்கி, கம்பெனி சரிசெய்யக் கோலாலம்பூருக்கு அனுப்பும் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்களே ரேம் மாற்றிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் வந்து நின்றவர்களே, நீங்கள் எனக்குப் புதியவர்கள் இல்லை.

பல்லி

மழை பெய்தால் கடைக்கு யாரும் வருவதில்லை. எதிரே செம்பனைத் தோட்டத்தின் மர வரிசைகள் மெல்ல மெல்ல வெள்ளையாகிக் கரையும். அதையே பார்த்துக்கொண்டு எங்கேயோ போய்விடுவேன். அப்படி ஒரு மயக்கத்தில் இருந்தபோதுதான் லோரி ஓட்டும் முனியாண்டி அண்ணன் நனைந்துகொண்டே வந்தார். லேப்டாப்பைக் கவிழ்த்தேன். திருகாணியை மூடியிருக்க வேண்டிய கம்பெனி ஸ்டிக்கர் பாதிதான் இருந்தது. அது கிழிந்தால் வாரன்டிக்கு ஆயிரம் கேள்வி வரும். யார் திறந்தது என்று கேட்டேன். அண்ணன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"பல்லி தின்னுருச்சு தம்பி. தோட்டத்துப் பல்லிக்கு வாரன்டியெல்லாம் தெரியுமா லா?"

குங்குமம்

பார்வதி அக்கா புக்கிட் பெலண்டோக்கிலிருந்து வந்தார். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே கல்யாண அழைப்பிதழ் வடிவமைப்பவர். படங்கள் நிறைந்து லேப்டாப் தவழ ஆரம்பித்ததும், வீடியோ பார்த்துத் தானே, படங்களைச் சேமிக்கப் பெரிய எஸ்எஸ்டி போட்டுக்கொண்டார். ஆறு மாதம் நன்றாக ஓடியது. இப்போது திரை இருண்டுவிட்டது. வாரன்டி முடியப் பத்தே நாள். கம்பெனி கைவிரித்தால் அக்கா மறுபடியும் ஷிப்டுக்குப் போக வேண்டியதுதான்.

திறந்து பார்த்தேன். எஸ்எஸ்டியின் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்கு வெளியே பொட்டு வைப்பார்கள். சோறு போடுவது உள்ளே இருப்பதுதானே என்று அக்கா லேப்டாப்பைத் திறந்து உள்ளேயே பொட்டு வைத்திருக்கிறார். சின்னச் சன்னதிக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. கையில் ஸ்குரூடிரைவர் இருப்பதையே கொஞ்ச நேரம் மறந்துபோனேன்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பொட்டைத் துடைத்து, கம்பெனி போட்டிருந்த பழைய எஸ்எஸ்டியை மாட்டி, ஸ்டிக்கர் தானாக உரிந்தது என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நான்தான் தொறந்தேன்னு எழுது தம்பி. சாமி கும்பிட்டு வச்சதுக்குப் பொய் சொல்லச் சொல்றியா?"

புது ஸ்டிக்கர்

அப்படியே எழுதி அனுப்பினேன். ஒரு வாரம் போன் அடிக்கும்போதெல்லாம் எனக்குத்தான் திக்கென்றது. கடைசியில் பதில் வந்தது. அவர் போட்ட எஸ்எஸ்டிக்குக் கம்பெனி பொறுப்பில்லை. ஆனால் திரை கெட்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எனவே திரை இலவசம். சொந்த அக்காவுக்கே கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டேன்.

லேப்டாப் வந்தது. அக்காவின் எஸ்எஸ்டியைக் கழற்றித் தனிப் பையில் போட்டு, திருகாணி மேல் புத்தம் புது ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார்கள். திரையின் நீல வெளிச்சம் முகத்தில் பட்டதும் அக்காவின் கண் கலங்கியது. நானும் மழையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால், அவர் ஒரு கையில் என் ஸ்குரூடிரைவர், மறு கையில் பையிலிருந்து எடுத்த எஸ்எஸ்டி! ஸ்டிக்கர் நடுவில் பிளந்து கிடந்தது. வாரன்டி இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்று அலறினேன்.

"அது கெடக்கட்டும் தம்பி. நாளைக்கி ரெண்டு கார்டு குடுக்கணும், படமெல்லாம் இதுலதான இருக்கு!"

வாரன்டியை எத்தனை வருடத்துக்கு வேண்டுமானாலும் கம்பெனி அச்சடித்துக் கொடுக்கட்டும், எங்கள் ஊர்க் கை அதுவரை சும்மா இருக்கும் என்று மட்டும் நான் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன்.