பல்லக்கா கேட்ட இரண்டு பாஷைகள்

"எச்சிலை முழுங்கிக்கோங்க. ஆச்சா? இப்ப வீட்டுல யாரை ரொம்பக் கூப்பிடுவீங்களோ, அவங்களைக் கூப்பிடுங்க பாப்போம்."

மெழுகில் நட்ட பற்களோடு முக்காலியில் உட்கார்ந்திருக்கும் பஸ் டிரைவர் முழிக்கிறார். பல்லக்கா கண்ணை மூடிக்கொள்கிறாள். டிரைவர் கூச்சத்தோடு தன் மகளைக் கூப்பிடுகிறார்.

"இப்படிக் கூப்பிட்டா எந்தப் பொண்ணு வரும்? மாடியில இருக்கான்னு நெனச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க."

டிரைவர் தெருவே திரும்பும்படி கத்துகிறார். பல்லக்கா கண்ணைத் திறந்து, மேல்வரிசையில் ஒரு பல்லைக் கடுகில் பாதி அளவு உள்ளே நகர்த்துகிறாள். "இப்ப வருவா."

பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எட்டுக்குப் பத்து அறை ஒன்று. ஊரே பல்லக்கா என்று கூப்பிடுகிறவள் பல்செட் கட்டும் பட்டறை அதுதான். அலமாரி நிறைய பிளாஸ்டர் அச்சுகள். ஊரில் பாதிப் பேரின் வாய் அங்கே சத்தமில்லாமல் திறந்து கிடக்கிறது. ஸ்பிரிட் விளக்கு, ரோஸ் நிற மெழுகுத் தகடுகள், செதுக்குக் கத்தி, காலால் அமுக்கி ஓட்டுகிற ராவுமெஷின். ஐம்பத்திரண்டு வயதுப் பல்லக்காவின் புருவத்தில் எப்போதும் பிளாஸ்டர் மாவு. அவளுடைய முன்பல்லே ஒன்று உடைந்துதான் இருக்கிறது. யாராவது சுட்டிக்காட்டினால், "அதனாலதான் வாயைத் திறக்காம வேலை பாக்கறேன்" என்பாள். நாள் முழுக்க அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை.

தொழில் சித்தப்பாவிடம் கற்றது. பல் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க அவர் மூன்றே மூன்று வாக்கியம் வைத்திருந்தார். ஒன்றில் மேற்பல் கீழுதட்டைத் தொட்டாக வேண்டும். ஒன்றில் பல்லுக்கு நடுவே காற்று சீறாமல் போக வேண்டும். மூன்றாவதில் நாக்கு பல்லின் முதுகைத் தட்ட வேண்டும். அவர் காலத்தில் ஊருக்கு ஒரு பாஷை போதுமானதாக இருந்தது. இப்போது தெருவுக்கு நான்கு. ஆகவே பல்லக்கா ஒரு நீள நோட்டுப் போட்டாள், பாஷைக்கு ஒரு பக்கம். எந்தப் பாஷையும் அவளுக்குத் தெரியாது. அந்தப் பாஷைக்காரரின் நாக்கு எங்கே போய் எங்கே திரும்புகிறது என்பது மட்டும் தெரியும். "அர்த்தம் புரிஞ்சா காது ஏமாந்துடும்" என்பது அவள் கட்சி.

நோட்டில் பர்மியமும் ஸ்பானியமும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. வந்தது ஒரே வீட்டிலிருந்து. மனைவி தையற்காரர், தாய்மொழி பர்மியம். கணவர் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்தவர், ஸ்பானியக்காரர். பிழைக்க வந்த ஊரில் பழகி, கல்யாணமாகி நாற்பது வருஷம். நான்கு வருஷமாக அவருக்குக் கண் தெரியாது. பல் தேவைப்பட்டது அந்த அம்மாளுக்கு. எல்லாப் பல்லையும் எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதமும் கையால் வாயை மூடி ஒற்றைச் சொல்லாகவே பேசியிருக்கிறார். கண் இல்லாத மனுஷனுக்கு வீட்டில் இருந்த ஒரே வெளிச்சம் அந்தப் பேச்சுதான்.

மெழுகு செட்டை வைத்துப் பார்த்த அன்று, "வீட்டுல யாரை ரொம்பக் கூப்பிடுவீங்க?" என்று பல்லக்கா கேட்டதும் அம்மாளின் காது சிவந்தது.

"அக்காவைத்தான்" என்று அவசரமாகச் சொல்லி, போனில் அக்காளை அழைத்தார். அரைமணி நேரம் பர்மியம் பொழிந்தது. பல்லக்கா கண் மூடிக் கேட்டாள்.

"மொதல்ல என்ன கேட்டீங்க?"

"சாப்பிட்டாச்சான்னு."

"அட, நம்ம வீட்டு ஆளு! இந்த ங எத்தனை தடவ வருது! எங்க ங அரிச்சுவடியில சும்மா குந்திக்கிட்டிருக்கு."

"எங்க பாஷையில மீனுக்கும் 'ங'தான், அஞ்சுக்கும் 'ங'தான்."

ஓரத்தில் இருந்த கணவர் விடுவாரா? "எங்க பாஷையில மேசை பொம்பளை, கடிகாரம் ஆம்பளை. தெரியுமாம்மா?"

"எங்க பாஷையில மேசை வெறும் மேசை" என்றார் அம்மாள். "பேசறது ஆம்பளையா பொம்பளையான்னு அதைத்தான் பாக்கும்."

பல்லக்கா அவரையும் பத்து நிமிஷம் பேச வைத்துக் கேட்டாள். பிறகு நோட்டில் குறித்தாள். பர்மியம்: மூச்சு மூக்கு வழியே முந்திக்கொள்கிறது, உதட்டுக்கு அதிக வேலையில்லை, நாக்கு நுனி பல்லிடுக்கில் எட்டிப் பார்க்கிறது. ஸ்பானியம்: உதட்டுக்கு வேலை உண்டு, ஐயா பேசும் தினுசில் இங்கேயும் நாக்கு நுனி பல்லிடுக்கில் எட்டிப் பார்க்கிறது. இவ்வளவு தூரத்துப் பாஷைகள் இரண்டும் பல்லிடம் வந்து ஒரே காரியம் செய்வதில் அவளுக்குச் சொல்ல முடியாத குஷி. "ஒன்றுக்குச் சரியென்றால் மற்றதற்கும் சரி" என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். அம்மாளின் ஸ்பானியத்தைக் கேட்கவேயில்லை.

செட் அழகாக வந்தது. அண்ணத்தில் பதியும் தகட்டைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றிக் கொடுத்தாள்.

எட்டாம் நாள் இருவரும் திரும்பி வந்தார்கள். குத்துகிறதா, ஆடுகிறதா என்று கேட்டதற்கெல்லாம் அம்மாள் இல்லை என்று தலையாட்டினார். பேசியது கணவர்.

"குறை ஒண்ணும் இல்லம்மா. பேச்சு சுத்தமா இருக்கு. ஆனா யாரோ மரியாதைப்பட்ட பொம்பளை வீட்டுல வந்து தங்கியிருக்கிற மாதிரி இருக்கு. ஊர்ப் பாஷையில வாங்க, உக்காருங்கங்கறா. நாப்பது வருஷத்துல இந்த மரியாதையை நான் பாத்ததில்ல. பயமா இருக்கு."

"முன்னாடி எப்படிக் கூப்பிடுவாங்க?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றார் அம்மாள்.

"புர்ரோ" என்றார் அவர். நடுவில் அவர் நாக்கு கடிகாரச் சாவி சுற்றுவதுபோல் உருண்டது. "எங்க பாஷையில கழுதை."

பல்லக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். "நாலு பேர் இருக்கிற இடத்துல புருஷனைக் கழுதைன்னு கூப்பிட முடியுமா? அதான் அன்னிக்கு அக்கான்னு சொன்னேன்."

"பரவாயில்ல, இப்ப கூப்பிடுங்க. நம்ம மூணு பேர்தான்."

அம்மாள் கூப்பிட்டார். நாக்கு வழுக்கியது; 'புதோ' என்று ஏதோ வந்தது. மறுபடியும் அதுவே. கணவர், முன்பின் தெரியாதவர் சொன்னதைக் கேட்டுக்கொள்வதுபோல் மரியாதையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அம்மாளால் தாங்க முடியவில்லை.

"எனக்கு இது வேணாம்மா. போட்டா இவருக்கு நான் யாரோ. போடலேன்னா பேச்சே இல்ல. யாரோவா பேசறதுக்குப் பேசாம இருக்கிறதே மேல்." செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்து, பழையபடி கையால் வாயை மூடிக்கொண்டார்.

"அந்த உருட்டு இவ பாஷையில கிடையாதும்மா" என்றார் கணவர். "எங்கிட்ட கத்துக்கிட்டது. தண்ணியைக் கொப்பளிச்சுக் கொப்பளிச்சு ரெண்டு வருஷம். உருட்டு நாக்குல வந்த அன்னிக்குக் கடையிலேருந்து வீடு வரைக்கும் என்னைக் கழுதை கழுதைன்னுட்டே வந்தா."

பல்லக்கா நோட்டைப் பிரித்தாள். அடிக்கோடு போட்ட வரியை வெகுநேரம் பார்த்தாள். ஒன்றுபோல இருந்ததைத் தேடிப் பிடித்துச் சந்தோஷப்பட்டவள், இல்லாததைத் தேடவில்லை. பர்மியத்தில் நாக்கு தட்டிவிட்டுப் போகுமே தவிர உருளாத இடம் ஒன்று உண்டு: முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தில் வரிவரியாக இருக்கும் மேடு. ஸ்பானிய உருட்டு அதன்மேல்தான் நடக்கிறது. அங்கேதான் அவள் தகட்டைத் தடிமனாக விட்டு, பெருமையாக மெருகேற்றி வழுக்குப்பாறை ஆக்கியிருந்தாள்.

"தப்பு என்னோடது. ஒரு மணி நேரம் குடுங்க. பிறந்த வீட்டுப் பாஷையைக் கேட்டேன், புகுந்த வீட்டுப் பாஷையைக் கேக்கல."

மெஷினை மிதித்தாள். தகட்டைக் காகிதம்போல் மெலிதாக்குவது லேசல்ல. ஒரு மயிரிழை அதிகமாக ராவினால் பொத்துக்கொள்ளும். ராவினாள், விரலால் தடவினாள், மறுபடி ராவினாள். பிறகு கத்தி நுனியால் மேட்டின் வரிகளை ஒவ்வொன்றாகச் செதுக்கினாள். அம்மாளின் பழைய அச்சில் இருந்த வரிகள் அவை, கோணல்மாணல் உட்பட. இடையில் தன் அண்ணத்திலேயே நாக்கை உருட்டிப் பார்த்தாள். கணவர் திருத்தினார்: "அது கழுதை இல்லம்மா, குட்டி."

முதல் முறை வரவில்லை. இன்னும் கொஞ்சம் ராவினாள். இரண்டாம் முறை பாதி வந்தது. மூன்றாம் முறை போட்டுக்கொண்ட அம்மாள் உடனே கூப்பிடவில்லை. எச்சிலை விழுங்கினார். கணவரின் சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது அவர் கண்ணில் பட்டது.

"புர்ரோ! பொத்தானைப் பாரு!"

அவர் சட்டென்று குரல் வந்த பக்கம் திரும்பினார். கை பொத்தானுக்குப் போகவில்லை. அம்மாளின் முகத்தைத் தேடிப்போய், மோவாயைத் தொட்டு அங்கேயே நின்றது. அம்மாள் விடவில்லை. மூன்று மாதத்து ஏச்சு முழுவதும் ஒரே மூச்சில், பாதி பர்மியம், பாதி ஸ்பானியம் என்று வந்து விழுந்தது.

பல்லக்கா இந்தத் தடவை கண்ணை மூடவும் இல்லை, நோட்டை எடுக்கவும் இல்லை. மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, மாவு படிந்த கையோடு தன் பட்டறை வாசலிலேயே வெளியாள்போல் நின்றுகொண்டாள்.