நாற்பத்து மூன்று முகங்களுக்கு டச்சப்

அகதி முகாமின் மூன்றாவது பிளாக்கில் டச்சப் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. வயது இருபத்திரண்டு. முகாம் இளைஞர்களுக்கான கம்ப்யூட்டர் பயிற்சியில் ஆறு மாதம் போட்டோ எடிட்டிங் படித்து, படத்தில் முகங்களைத் திருத்தித் திருத்தியே இந்தப் பெயரை வாங்கியவள். மவுஸைப் பிடித்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு. பயிற்சி முடியும் முன்பே ஒரு விளம்பர ஸ்டுடியோ, திங்கட்கிழமை வேலைக்கு வா என்றுவிட்டது. முகாம் அலுவலக கிளார்க் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்தா அடையாள அட்டையைப் புதுப்பிக்கச் சொல்வார்கள்! ஆளுக்கொரு போட்டோ கொண்டு வரச் சொன்னார்கள். பிளாக்கே இவள் வாசலில் வந்து நின்றது. இவளும் சும்மா இருந்தாளா? கற்ற வித்தையை எல்லாம் இறக்கிவிட்டாள். மச்சம் போச்சு, அம்மைத் தழும்பு போச்சு, எதிர் அறைச் சித்தப்பாவின் கன்னத்து மரு போன இடம் தெரியவில்லை. சித்தப்பா தன் போட்டோவைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டார். சித்தி அதை இரண்டு நாள் கீழே வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கிளார்க் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் நாற்பத்து மூன்று போட்டோ.

"என்னம்மா இது? அங்க அடையாளம், வலது கன்னத்துல மருன்னு ஃபைல்ல இருக்கு. போட்டோவுல மரு எங்க?"

"எடுத்துட்டேன் சார்."

"எடுத்து எங்க வெச்சிருக்க?"

கிளார்க் போட்டோக்களை அவள் பக்கம் தள்ளினார்.

"நாலு மணிக்குள்ள எல்லாத்தையும் அவங்கவங்களுக்குத் திருப்பிக் குடு. நாப்பத்து மூணும் சரியா இருந்தா உன் கடிதத்துல கையெழுத்து. ஒண்ணு குறைஞ்சாலும் கிடையாது."

அசல் படத்தைத் தனியாக வை, தனியாக வை என்று பயிற்சியில் தொண்டை கிழியக் கத்தினார்கள். இந்த மகராசி எல்லாவற்றையும் அசலின் மேலேயே சேமித்து வைத்திருந்தாள். இனி ஒவ்வொரு முகத்தையும் எதிரே உட்கார வைத்து, பார்த்துப் பார்த்து வரைந்தால்தான் உண்டு.

அலுவலக வராந்தாவில் லேப்டாப்பை விரித்து அவள் உட்கார, எல்லாரும் எதிரே வரிசை கட்டினார்கள். சித்தப்பா குனிந்து, "மரு வரட்டும்மா. கொஞ்சம் சின்னதா வரட்டுமே" என்றார். ஒரு அத்தை, "வைக்கிறதுதான் வைக்கிற, மச்சத்தை உதட்டுக்கு மேல வை" என்றாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாத ஓர் ஆள், எல்லாருக்கும் இருக்கு எனக்கு மட்டும் இல்லையா என்று சண்டைக்கு வந்தான். கிளார்க்கோ மூக்குக்கும் மருவுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தார். சித்தப்பா மூச்சுகூட விடவில்லை.

மூன்றரைக்கு நாற்பத்திரண்டு முடிந்தது. கடைசி ஆள் அம்மா.

இடது புருவத்தின் மேல் தழும்பு. ஊரைவிட்டு ஓடிவந்த அன்று ஜன்னல் கண்ணாடி தெறித்துக் கிழித்தது. டச்சப் முதன்முதலாக அழித்ததே அதைத்தான்.

"வேணாம்டி" என்றாள் அம்மா.

"ரெண்டே கிளிக்தாம்மா. இல்லேன்னா கடிதம் போயிடும்."

"சரி, போடு" என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

டச்சப்பின் கை மவுஸின் மேலேயே இருந்தது. அன்று ரத்தம் வழிய வழியத் தன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியவளுக்கு, அதைத் திரும்ப எப்படி வரைவது? மனசு வரவில்லை. லேப்டாப்பை மூடினாள். தழும்பில்லாத போட்டோவை எடுத்துக்கொண்டு அம்மாவோடு உள்ளே போனாள்.

கிளார்க் ஸ்கேலை எடுத்தார். "தழும்பு எங்க?"

"என் முகத்துல இருக்கு சார்" என்றாள் அம்மா. "போட்டோவுலயாவது இல்லாம இருக்கட்டுமே."

கிளார்க் முகத்தைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை, ஃபைலுக்குப் பயந்த மனுஷன். பேனாவைத் திறந்து எழுதினார்: 'அங்க அடையாளம்: இடது புருவத்தின் மேல் தழும்பு. நேரில் மட்டும்.' அப்படியே கடிதத்தையும் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மை காய்வதற்குள் கதவிடுக்கில் ஒரு தலை நீண்டது.

"சார், என் மருவும் நேர்ல மட்டும் இருந்தாப் போதாதா?"

சித்தப்பாவுக்குப் பின்னால் வரிசை மறுபடி நின்றது. அம்மா புருவத்தைத் தொட்டுக்கொண்டே சிரித்தாள். அந்தத் தழும்பை வைத்துக்கொண்டு அவள் சிரித்து டச்சப் அன்றுதான் பார்த்தாள்.