அரிசி மில் சுவரில் என் கையெழுத்து

பாஸ்போர்ட் விசாரணைக்காகப் போன வாரம் ஒரு இளம் கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல பிள்ளை. ஷூவைக் கழற்றட்டுமா என்று வாசலில் நின்று கேட்டார், மோர் கொடுத்தால் குடித்தார், செல்போனில் என்னைப் படம் பிடித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு பார்த்தால் என் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இத்தனைக்கும் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“என்ன பண்ணித் தொலைச்சீங்க?” என்றாள் மனைவி.

ஒன்றும் பண்ணவில்லை. எல்லாம் அந்தக் காக்கிச் சட்டையின் வாசனை செய்த வேலை. கஞ்சி போட்டு இஸ்திரி தேய்த்த காக்கி, வெயிலில் நடந்து வந்தால் ஒரு வாசனை வருமே, அதுதான். ஐம்பதைத் தாண்டிய, காலையில் சர்க்கரை மாத்திரையும் மாலையில் நடைப்பயிற்சியுமாக இருக்கிற ஓர் அப்பாவியை அது ஒரே இழுப்பில் எண்பதுகளின் நடுவே கொண்டுபோய், அரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, கையில் ஒரு சுண்ணாம்பு வாளியோடு நிறுத்திவிட்டது.

சுண்ணாம்பு வாளி ஏன் என்று கேட்பீர்கள். வருகிறேன். அதற்கு முன்னால் வஜ்ஜிரம் பற்றிச் சொல்ல வேண்டும். சுவரில் எழுதும் பொடி வண்ணம் மழைக்குக் கரையாமல் இருக்க அதில் கலக்கும் பசை அது. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. கட்டியாகக் கடையில் கிடைக்கும். அதைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினால் அந்தத் தெருவிலேயே யாருக்கும் சோறு இறங்காது. பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருந்த மூன்று வருடம் நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். என் மீதும் என் சட்டை மீதும் அந்த வாசனை நிரந்தரமாகக் குடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போனால் எங்கள் பெஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் கிடைக்கும்.

எல்லாக் கட்சிக்கும் எழுதுவேன். காலையில் ஒரு சின்னம், மாலையில் அதை எதிர்த்து நிற்கும் சின்னம். ஜவுளிக்கடை, மூலம் பவுத்திரம் வைத்தியசாலை, தேர்த் திருவிழா, எதுவாக இருந்தாலும் சரி. எழுதி முடித்ததும் வலது ஓரத்தில் கீழே என் பெயர், பக்கத்தில் ‘ஆர்ட்ஸ்’, அதன் அடியில் ‘அரூர்’. இது தொழில் வழக்கம். கையெழுத்துப் போடாத போர்டு அரைகுறைப் போர்டு என்று கை பழகிப்போயிருந்தது. கை பழகியது மூளைக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினை.

இப்போது தோழர் மாதையன். தீர்த்தமலைப் பக்கம் எங்கள் ஊர்க்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பேருந்து நிலையத்துக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையின் பாதிப் பலகையைச் சாத்திவிட்டு உள்ளே படிப்பு வட்டம் நடக்கும். மாஸ்கோவில் அச்சடித்த புத்தகங்கள், சோப்பு விலைக்கும் குறைவாகக் கிடைத்தவை. அவற்றின் வழவழப்புத் தாள் வாசனையும் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனையும் சேர்ந்து அடிக்கும். இன்றைக்கும் எனக்கு சோசலிசம் என்றால் அந்த வாசனைதான்.

வட்டத்தில் ஏழெட்டுப் பேர். சத்துணவுத் திட்டம் சோசலிசத்தின் முதல் படியா, அல்லது பசித்தவன் கேள்வி கேட்காமல் இருக்க முதலாளித்துவம் ஊட்டும் கவளமா என்று இரண்டு வாரம் சண்டை போட்டோம். தில்லியில் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்கிறார்களே, அது வந்தால் எத்தனை குமாஸ்தாக்கள் வீட்டுக்குப் போவார்கள் என்று ஒரு வாரம். குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வாரம் மட்டும் தூக்கம் வரவில்லை. உபரி மதிப்பு என்றால் என்ன என்று மாதையன் வாடகை சைக்கிளை வைத்தே விளக்குவார். நான் சும்மா இருக்காமல் ஒரு நாள் கேட்டேன்.

“அப்ப எட்டு சைக்கிளு வெச்சிருக்கிற நீங்க முதலாளிங்களா தோழர்?”

“எட்டுல மூணுக்கு பிரேக்கு இல்ல, ரெண்டுக்கு செயினு நிக்காது. அத்தனைக்கும் நாந்தான்டா கூலி. என்னை நானே சுரண்டிக்கறேன். போயி டீ சொல்லு.”

எங்கள் வட்டத்தின் தீவிரம் அந்த டீயைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் வெளியே காற்று வேறு மாதிரி வீசியது. சிவப்பு அட்டைப் புத்தகம் வைத்திருந்தாலே நக்சலைட்டா என்று போலீசார் விசாரிப்பார்களாம், ஏதோ ஒரு ஊரில் ஒரு வாத்தியாரைக் கூப்பிட்டார்களாம் என்று எங்கள் மாவட்டம் முழுக்க ஒரு பேச்சு. பாதி நிஜம், பாதி புளுகு, எது எந்தப் பாதி என்று எங்களுக்குத் தெரியாது.

இந்தக் காலத்தில்தான் பேருந்து நிலையத்துப் பக்கத்து அரிசி மில் சுவரில் எழுத வேண்டும் என்று வட்டம் முடிவு செய்தது. மில் முதலாளியிடமே அனுமதி கேட்கப் போனோம். அவர் யோசிக்கவே இல்லை.

“சினிமா போஸ்டரு ஒட்டுனா கழுத வந்து திங்குது. செவுரு வெறுமனே இருந்தா மனுசன் வந்து ஒண்ணுக்குப் போறான். எழுதிக்கங்கப்பா. எழுத்து மட்டும் பெருசா இருக்கட்டும்.”

பெரிதாகவே எழுதினேன். ‘விவசாயக் கூலியை உயர்த்து! முதலாளித்துவம் ஒழிக! சோசலிசமே மாற்று!’ காவியும் நீலமும். ஒரு ஞாயிறு காலை தொடங்கி மத்தியானம் முடித்தேன். கோடு பிடித்த மாதிரி எழுத்து. மில் முதலாளி வந்து பார்த்துவிட்டு, “ஒழிகன்றது நம்மளச் சொல்லலியே? நான் கடன் வாங்கி மில்லு ஓட்றவன்” என்றார். இல்லை என்றோம். “அப்ப சரி. அந்தச் சுழி நல்லா வந்திருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து எனக்குத் தாலுகா ஆபீசில் வேலைக்கான உத்தரவு வந்தது. அம்மா அந்தோணியார் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள். அப்பா அந்த உத்தரவை மடிக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஊரெல்லாம் போய்வந்தார். பத்துத் தலைமுறையாக மண்ணைக் கிண்டிய குடும்பத்தில் நிழலில் உட்கார்ந்து வேலை செய்யப்போகிற முதல் ஆள் நான். ஒன்று மட்டும் பாக்கி. போலீஸ் விசாரணை. நன்னடத்தை சரி என்று அவர்கள் எழுதி அனுப்பினால்தான் வேலை.

ஒரு வியாழக்கிழமை போர்டு வேலை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நின்றாள்.

“வூட்டுக்கு ஏட்டய்யா வந்தாரு கண்ணு.”

“இன்னாம்மா கேட்டாரு?”

“ஒன் பேரக் கேட்டாரு. ‘போர்டு, செவுரெல்லாம் எழுதறது ஒங்க பையந்தானா’ன்னாரு. ‘ஆமாங்க, மணி மணியா எழுதுவான், எழுதறதுலயெல்லாம் பேரு போட்டிருப்பான் பாருங்க’ன்னேன்.”

பெயர்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உலகத்தில் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் சுவரில் புரட்சி முழக்கம் எழுதியிருப்பார்கள். அதன் அடியில் தன் பெயரும் ஊரும் போட்டு விளம்பரம் செய்துகொண்ட ஒரே பிறவி நானாகத்தான் இருக்கும். ‘சோசலிசமே மாற்று’, வலது ஓரத்தில் நான், ஆர்ட்ஸ், அரூர்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் உங்களிடம் சொல்லத் தக்கதல்ல, இருந்தாலும் சொல்கிறேன். வீட்டிலிருந்த மூன்று மாஸ்கோ புத்தகங்களைக் கேழ்வரகு மூட்டைக்குள் தோள் வரை கைவிட்டுப் புதைத்தேன். (“களியில இன்னாடா பிரஸ்ஸு வாசன?” என்று அப்பா பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.) சிவப்புச் சட்டை ஒன்று இருந்தது. அதை மாட்டுக் கொட்டகையில் திணித்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை சுண்ணாம்பு வாளியைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, வெள்ளையடிக்கும் மட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு என் பெயரை மட்டும் அழிக்க அரூருக்குக் கிளம்பினேன். முழக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். சோசலிசம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். எனக்கு என் பெயர்தான் அழிய வேண்டும்.

சுவருக்கு எதிரே டீக்கடை. டீக்கடை பெஞ்சில் கஞ்சி மொடமொடப்போடு ஏட்டய்யா.

“ஏப்பா தம்பி! போர்டு எழுதற தம்பி! இங்க வா. ஒன்னத்தான் தேடிக்கிட்டு இருக்கறேன். சுண்ணாம்ப எடுத்துக்கிட்டு எங்க போற?”

“சும்மாங்க. வெள்ளையடிக்கலாம்னு.”

“எதுக்கு?”

“எதுக்கு வேணா அடிக்கலாங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தச் செவுரு எழுத்து ஒன்னுதா?”

“எழுத்துதாங்க என்னுது, கருத்து என்னுது இல்லிங்க! நான் மூல வைத்தியசாலைக்கும் எழுதியிருக்கறேங்க, எனக்கு மூலம் இல்லிங்க!”

டீக்கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ஏட்டய்யா அடுத்த கேள்விக்குப் போனார்.

“சைக்கிள் கடை மாதையனத் தெரியுமா?”

இந்த இடத்தில் நல்ல மனிதனாக இருந்தால் ஒரு கணமாவது தயங்கியிருப்பேன். நான் தயங்கவில்லை. “தெரியாதுங்க. யாருன்னே தெரியாதுங்க. பாத்ததே இல்லிங்க” என்று மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் குரலை ஏற்றிச் சொன்னேன். மாதையனின் கடை அங்கிருந்து முப்பது அடி. அவர் ஏட்டய்யாவின் சைக்கிளைத்தான் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து செயின் மாட்டிக்கொண்டிருந்தார் என்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

ஏட்டய்யா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். “சாட்சிக்கு ரெண்டு பேரு வேணும்னு காலையில மாதையங்கிட்டயும் மில்லுக்காரர்கிட்டயும் எழுதி வாங்குனேன். ‘இவரைச் சிறு வயது முதல் நன்கு அறிவேன், எந்த இயக்கத்திலும் இல்லை’ன்னு மாதையன் கையெழுத்துப் போட்டிருக்கறான். நீ இன்னான்னா அவன யாருன்னே தெரியாதுங்கற. இப்ப ரெண்டு பேருல யாரு பொய்யி?”

வாளி கையிலிருந்து நழுவிக் காலில் சுண்ணாம்பு வழிந்தது. வேலை போயிற்று என்பது அந்த நொடியில் எனக்கு உறுதியாகிவிட்டது. அப்பா இரண்டு கையாலும் ஏந்திப் போன உத்தரவு கண்ணுக்கு முன்னால் வந்தது.

மாதையன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்.

“ஏட்டய்யா, அவன் அப்படித்தாங்க சொல்லுவான். போன வாரம் என் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயி தீர்த்தமல எறக்கத்துல ரிம்ம வளச்சிட்டான். அன்னியிலருந்து என்னப் பாத்தா யாரோ மாதிரி போறான். கேளுங்க.”

“வளச்சியா?” என்றார் ஏட்டய்யா.

“வளச்சேங்க,” என்றேன். அவ்வளவு ஆனந்தமாக எந்தக் குற்றத்தையும் நான் ஒப்புக்கொண்டதில்லை. நான் எந்த ரிம்மையும் வளைக்கவில்லை.

ஏட்டய்யா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். தாளை மடித்துப் பையில் வைத்தார். “மில்லுக்காரர் என்னமோ ஒன் எழுத்த அப்படிப் புகழ்றாரு. வேலைக்குப் போறதுக்குள்ள என் சைக்கிள் மட்காடுல பேரு எழுதிக் குடுத்துட்டுப் போ,” என்று சொல்லிவிட்டு டீயைக் கையில் வாங்கினார்.

முதலாளித்துவமும் சோசலிசமும் ஒரே தாளில் அடுத்தடுத்துக் கையெழுத்திட்டு ஒரு கோழைக்கு அரசாங்க வேலை வாங்கிக் கொடுத்தது அரூரில்தான் நடந்திருக்கும். ஏட்டய்யா போனதும் காலில் வழிந்த சுண்ணாம்பைக் கழுவினேன். மாதையன் கடைக்குள் கூட்டிப்போய் ட்யூப் மூட்டை மேல் உட்காரவைத்தார்.

“எனக்காகப் பொய் எழுதிக் குடுத்துட்டீங்களே தோழர்.”

“இன்னா பொய்யி? இயக்கத்துல இல்லன்னுதான் எழுதுனேன். நீ வந்தது ஆறு ஞாயித்துக்கெழம. அதுல அஞ்சு தூங்குன. ஒன்ன இயக்கம்னு எழுதுனாத்தான் பொய்யி.”

“மூணு வாட்டி தெரியாதுன்னுட்டேன்.”

“கேட்டுது. பஸ்டாண்டுக்கே கேட்டுது. டீ சொல்லிட்டு வா.”

வேலையில் சேர்ந்தேன். சங்கத்திலும் சேர்ந்தேன், ஆர்ப்பாட்டங்களில் எப்போதும் ஓட வசதியாக வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். புத்தகங்கள் அச்சடித்த அந்த நாடே ஒரு நாள் இல்லாமல் போனபோது, மாதையன் உடைந்து போயிருப்பார் என்று பயந்து ஓடினேன். அவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அங்க ஒடஞ்சிருச்சு, சரி,” என்றார் நிமிராமல். “இங்க கூலி ஒசந்துருச்சா?”

எல்லாவற்றையும் படித்துவிட்ட பிறகும் என்னிடம் இருக்கும் அரசியல் அந்த ஒரு கேள்விதான். ஆளை எடுக்கும்போதே ஆறு மாத ஒப்பந்தம் என்கிறார்கள், வேலை போனதை மின்னஞ்சலில் தெரிவிக்கிறார்கள், இதுதான் வளர்ச்சி என்கிறார்கள். யார் எந்தக் கொடியோடு வந்து பேசினாலும் எனக்கு அந்தக் குனிந்த தலையின் கேள்விதான் கேட்கிறது. இப்போது அதைச் சத்தமாகவும் கேட்கிறேன். ஓய்வு பெறப் போகிறவனை யார் என்ன செய்துவிட முடியும்?

சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மில் கல்யாண மண்டபமாகிவிட்டது. மாதையன் மகளோடு பென்னாகரத்தில் இருக்கிறார், போனில் பேசினால் ரிம்முக்கு என்ன வழி என்று இன்னும் கேட்கிறார். எங்கள் குடியிருப்பில் மொத்தம் இருபத்துநான்கு வீடுகள். எதிர் வீட்டுக்காரர் வலதா இடதா, சங்கத்தில் இருக்கிறாரா, வேலை இருக்கிறதா போய்விட்டதா, ஒன்றும் தெரியாது. அவரைத் தெரியுமா என்று யாராவது கேட்டால் தெரியாது என்பேன். வியர்க்காது. மூன்று தடவை சொல்ல வேண்டியதும் இல்லை. அது உண்மை.