நல்ல நேரத்தில் போட்ட ரோமிங் பேக்

மகளின் பிரசவத்துக்காக மனைவி முன்னதாகவே சிங்கப்பூர் போய்விட்டாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். அங்கே இறங்கியதும் அவர்களோடு பேச வேண்டுமே என்று, தி.நகரிலிருந்து அடையாறு வரை கடை கடையாக ஏறி இறங்கி, வெளிநாட்டில் ஃபோன் வேலை செய்ய ஏழு நாள் ரோமிங் பேக் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வெளிநாட்டுப் பயணம் அல்லவா? புதன்கிழமையே ராகு காலத்துக்கு முன்பாக, மயிலாப்பூர் வீட்டில் சுவாமி படத்தின் எதிரே நின்று பேக்கைத் தொடங்கி வைத்தேன்.

போட்ட பிறகுதான் மண்டையில் உறைத்தது. ஏழில் நான்கு நாள் இங்கேயே கரைந்துவிடுமே! மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டு, பேக் விற்ற அடையாறு கடைக்கு ஆட்டோவில் பறந்தேன். மெட்ரோ பள்ளங்களைத் தாண்டிப் பறக்க ஒரு மணி நேரம் ஆனது.

கடைக்கார அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா சார் நீங்க! அந்த ஊரு டவரைத் தொட்டாத்தான் நாளே ஆரம்பிக்கும். மொதல்ல ஃபோனுக்கு உசுரு குடுங்க."

ஃப்ளைட் மோடை எடுத்ததுமே ஃபோன் அலறியது. மனைவி!

"எங்க தொலைஞ்சீங்க? ஒரு மணி நேரமா அடிக்கிறேன். பேத்தி பொறந்துட்டா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

கடையிலேயே ஒரு குதி குதித்தேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ராகு காலத்துலயா?"

"எந்த ஊரு ராகு காலம்?" என்றாள்.

இப்போதும் நான் நல்ல நேரம் பார்க்கிறேன். அதற்கு முன் ஃபோன் ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.