ஆளுக்குக் கால் வீடு

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் ஆங்கிலம் படிப்பித்தேன். பின்னங்களை ஆங்கிலத்தில் சொல்லப் பழக்க வேண்டும். ஹாஃப், தேர்ட், குவாட்டர் என்று பிள்ளைகள் பாட்டுப்போல ஒப்புவித்தார்கள். கேள்வி கேட்டால் முழித்தார்கள். எரிச்சலில் பலகையில் ஒரு வீட்டைக் கீறினேன்.

“ஒரு வாப்பாக்கு ரெண்டு மகன், ரெண்டு மகள். இந்த ஊட்டப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு? இங்கிலீசில சொல்லுங்க.”

குவாட்டர் என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். முன்வரிசை வாங்கிலிருந்து ஒரு மாணவி எழும்பினாள்.

“மகள்மாருக்கு ஹாஃப், ஹாஃப் சேர். மகன்மாருக்கு ஒண்டுமில்ல.”

“ஏன் இல்ல?”

“அவங்க கலியாணம் முடிச்சுப் பொண்டாட்டிர ஊட்டுக்குத்தானே போவாங்க!”

வகுப்பே “ஓம் சேர்” என்று ஆமோதித்தது. திருத்துவதற்கு அதில் ஒரு பிழையும் இல்லை. சோக்குக்கட்டியை வைத்தேன், எடுத்தேன், பலகையிலிருந்த வீட்டை அழித்தேன். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் கிடந்தது. வாசலுக்கும் மேசைக்கும் நடந்தே அதைக் கழித்தேன்.

பின்னேரம் மனைவியின் வீட்டுக்குத் திரும்பினேன். கலியாணமாகி மூன்று மாதம். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது சட்டை கொழுவ ஓர் ஆணி மட்டும்தான். அதையும் மாமனாரிடம் கேட்டுத்தான் அடித்திருந்தேன்.